திண்டிவனத்தில் என் பெயரோடு இருந்தவன்

புதுச்சேரியில் ஒரு கல்யாணக் கச்சேரி. நாலு நாள் பிரெஞ்சுக்காரர் சீமையில் இருந்துவிட்டு விழுப்புரம் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். சிவப்புத் தொப்பிப் போலீஸ், மரப்பலகை போல் விறைத்த ரொட்டி, மத்தியானம் கடையடைத்துவிட்டு ஊரே தூங்குகிற வழக்கம் எல்லாவற்றையும் பார்த்ததில், வெளிநாடு போய் வந்த மிதப்பு எனக்கு வந்திருந்தது. எல்லை தாண்டியதும் வண்டி நின்றது. சுங்கக்காரர் ஒருவர் ஏறி, என் தம்பூராவின் உறையை அவிழ்த்துக் குடத்தைத் தட்டிப் பார்த்தார். பிறகு நோட்டைப் பிரித்துப் பெயர் கேட்டார்.

"பசுபதி. பல்கலைக்கழகத்தில் சங்கீத விரிவுரையாளர்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"எந்தப் பசுபதிங்க?"

"எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரே பசுபதிதான்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நமக்கு வளவனூருங்க. ராமநவமிப் பந்தல்ல முன்னால ஒக்காந்து அவரு பாட்டக் கேட்டவன் நானு. நீங்க வேற ஆளு. அவருதான் போன வாரம் திண்டிவனத்துப் பக்கம் செத்துட்டாருங்களே."

தம்பூராவை அவரே மறுபடி கட்டிக் கொடுத்தார். முடிச்சுப் போடும்போது என் விரல் படாமல் பார்த்துக்கொண்டார்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்களைப் போல ஒரு காலை வகுப்பிலும் இன்னொரு காலைக் கச்சேரி மேடையிலும் வைத்திருந்தவர்கள் அப்போது மிகக் குறைவு. பழைய வித்துவான்கள் எங்களை 'மணியடித்தால் ராகத்தை நிறுத்துகிறவர்கள்' என்று கேலி செய்வார்கள். அது பொய்யில்லை. தோடியில் பாதி ஏறியிருக்கும்போது மணி அடிக்கும், பையன்கள் எழுந்துவிடுவார்கள். கோடை விடுமுறையில்தான் நாங்கள் முழு ராகம் பாடுவது. அந்தக் கோடையில் விழுப்புரத்துச் சபா ஒன்று என்னை அழைத்திருந்தது. 'தங்கள் வளவனூர்க் கச்சேரியைக் கேட்டு மெய்மறந்தோம்' என்று அவர்கள் கடிதம் தொடங்கியிருந்தது. நான் வளவனூரில் பாடியதே இல்லை. யாரோ குமாஸ்தா ஊர்ப் பெயரைத் தவறாக எழுதிவிட்டான் என்று நினைத்து, வருகிறேன் என்று பதில் போட்டிருந்தேன்.

விழுப்புரம் சந்திப்பில் இறங்கியபோது பத்து மணி வெயில் கண்ணைக் குத்தியது. எங்கள் ஊரில் வெயில் காலத்திலும் வாய்க்காலோரம் கொஞ்சம் ஈரம் இருக்கும். இங்கே காற்றே அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு ஓட்டலில் இட்லி சாப்பிட்டேன். ரேஷன் அரிசியோடு எதையோ கலந்து அரைத்திருந்தார்கள். பசி இருந்ததால் இறங்கியது. கடைச் சுவரில் என் கச்சேரி நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அதன் குறுக்கே இன்னொரு காகிதத் துண்டு: 'வித்துவானின் அகால மரணத்தால் கச்சேரி நடைபெறாது.'

சபாவின் காரியதரிசி தாமோதரம் கோர்ட்டில் குமாஸ்தா. அவர் வீட்டைத் தேடிப் போய் என் பெயரைச் சொன்னேன். நாற்காலியை எனக்குக் காட்டிவிட்டு, தான் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. ஒங்களப் பசுபதின்னு எப்டிங்க நம்பறது? நான் அவரோட பேசியிருக்கேன். காலேஜில அவரு வகுப்புக்கு வெளிய ஒரு வேப்பமரம், காத்தடிச்சா கொட்டையெல்லாம் உள்ள வந்து விழும்பாரு. மொத வரிசைல ஒரு திக்குவாய்ப் பையன், பாடும்போது மட்டும் திக்காதும்பாரு. இதெல்லாம் நேர்ல பாக்காதவரு சொல்ல முடியுங்களா?"

வேப்பமரம் என்னுடையது. திக்குவாய்ப் பையனும் என் மாணவன்தான்.

"கச்சேரிக்கு எங்கே எழுதினீர்கள்?" என்று கேட்டேன்.

"அவருதான் சொன்னாரு, எதுவா இருந்தாலும் பல்கலைக்கழகத்துக்கே எழுதுங்க, அங்கேந்து வருவேன்னு."

அப்படியானால் செத்தவன்தான் இந்தக் கச்சேரியை எனக்கு வாங்கித் தந்திருக்கிறான்.

தாமோதரம் பக்கத்து வீட்டிலிருந்து பிடில்காரர் ஒருவரை அழைத்து வந்தார். வளவனூரில் பக்கவாத்தியம் வாசித்தவர். இரண்டு கண்ணும் மங்கிப்போனவர். என்னைப் பாடச் சொன்னார்கள். இருக்கிறேன் என்பதற்குச் சாட்சியாகப் பாடியது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கிராம்பை எடுத்துக் கடித்துத் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அந்தச் சத்தத்துக்கே பிடில்காரர் தலையைத் திருப்பினார். கால் மணி நேரம் பாடி நிறுத்தினேன்.

"அதே கிராம்புங்க. அதே இருமலு. கொரலுகூட அதேதான்," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "ஆனா அவரு இதவிட நல்லாப் பாடுவாரு," என்றார்.

அந்த வார்த்தையில்தான் ஆள் யாரென்று எனக்கு உறுதியானது. ஆனால் அதை நான் அங்கே சொல்லவில்லை.

செத்தவரின் சாமான்கள் பிரம்மதேசம் போகிற வழியில் ஒரு சேரியில், சவரி என்பவர் வீட்டில் இருப்பதாகத் தாமோதரம் சொன்னார். "பேதி கண்டப்ப ஊருக்குள்ள யாரும் சேத்துக்கல. அவங்கதான் வெச்சிப் பாத்துக்கினாங்க. அங்க வேதக்கோயில்ல இருக்கற உபதேசியாரு காலேஜிக்கும் லெட்டர் போட்டுட்டாராம்."

அதைக் கேட்டதும் தபால் ஆபீசுக்கு ஓடினேன். கடிதம் பல்கலைக்கழகம் போய், அங்கிருந்து என் மனைவி செல்லத்தின் கைக்குப் போனால்? 'உயிருடன் இருக்கிறேன். கடிதம் வந்தால் நம்பாதே. பசுபதி' என்று எழுதிக் கொடுத்தேன். தந்திக் குமாஸ்தா அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். "பேர் சரிதானுங்களே?" என்று கேட்டார். பின்னால் தெரிந்தது, தந்தி முதலில் போயிருக்கிறது, கடிதம் மறுநாள். அந்த ஒரு நாள் இடைவெளிக்காக நான் இன்றைக்கும் கடவுளைக் கும்பிடுகிறேன்.

மறுநாள் காலையில் திண்டிவனத்துக்குப் பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ்ஸின் முதுகில் பெரிய இரும்பு அடுப்பைக் கட்டி, கரியை எரித்து, அந்த வாயுவில் ஓட்டினார்கள். விக்கிரவாண்டி தாண்டியதும் அது மூச்சுவிட மறந்தது. டிரைவர் இறங்கி நீளக் கம்பியால் அடுப்பைக் குத்தினார். எங்களை இறங்கித் தள்ளச் சொன்னார். தள்ளினோம். கொஞ்சம் ஓடி மறுபடி நின்றது. கடைசியில் எல்லோரும் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டோம்.

மரக்காணத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த மீனவப் பெண் ஒருத்தி காலிக் கருவாட்டுக் கூடையோடு என் பக்கத்தில் இருந்தாள். மடியை அவிழ்த்து ஒரு கை நீட்டினாள்.

"மல்லாட்டை துன்னுங்க. அவிச்சது. இந்த வண்டிய நம்பினா பேஜாருதான், பொழுது போயிரும்."

வேர்க்கடலைக்கு அந்தப் பெயரை அன்றுதான் கேட்டேன். எங்கள் பக்கத்தில் அது பண்டம்; இங்கே பலருக்கு அதுதான் மத்தியானச் சாப்பாடு. உரித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்திருப்பேன் போலிருக்கிறது. அவள் கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"இத்த எங்கியோ கேட்டுக்கிறேனே. பிரம்மதேசத்துப் பக்கம் மீனு விக்கப் போனா, கொல்லியில பொம்பளைங்க பாடுவாங்க."

அது வயலில் கேட்கக்கூடிய பாட்டே இல்லை. நானே என் வகுப்புக்கென்று அமைத்த பல்லவி. 'நீ வரும் வழியில் நிழலாய் நின்றேன்' என்று ஒரே வரி, பூர்விகல்யாணி ராகத்தில். எந்தக் கச்சேரியிலும் பாடியதில்லை. வகுப்புக்கு வெளியே ஒரே ஒருவனுக்குத்தான் கடிதத்தில் ஸ்வரப்படுத்தி அனுப்பியிருந்தேன்.

அவன் கோதண்டம். நானும் அவனும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பட்டயத்துக்குப் படித்தோம். ஒரே விரிவுரையாளர் பதவிக்கு இருவரும் விண்ணப்பம் போட்டோம். தேர்வுக் குழுவின் முன்னால் அவன் பாடியபோது அவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அதன் பிறகு குழுவிலிருந்த பெரியவர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கேட்டார்: "உங்கள் சிநேகிதன் பாடுவான், சரி. பாடம் நடத்துவானா?" நான் சொன்னேன்: "அவனுக்குப் பாடம் சொல்ல வராது." அவ்வளவுதான். பதவி எனக்குக் கிடைத்தது. நான் சொன்னது கோதண்டத்துக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. ஒரு வருஷம் அவனுக்கு விடாமல் கடிதம் எழுதினேன். வகுப்பு, மாணவர்கள், வேப்பமரம் என்று எல்லாவற்றையும் எழுதினேன். பதிலே வரவில்லை.

பஸ் திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது மாலையாகிவிட்டது. சத்திரத்தில் இடம் கேட்டேன். காவல்காரர் பெரிய நோட்டை நீட்டினார். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். 'பசுபதி'. கடைசி எழுத்தின் சுழியை இழுத்து அடியில் கோடாக்குகிற என் வழக்கம் அப்படியே இருந்தது. இன்னும் பின்னால் புரட்டினார். அங்கேயும் நான். இரண்டு வருஷத்தில் ஒன்பது தடவை அந்தச் சத்திரத்தில் தங்கியிருக்கிறேன்.

"நீங்க அவருக்கு இன்னா வேணுங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"கூடப் படித்தவன்," என்றேன். அவர் எனக்கு வழக்கமான அறையைத் தரப் பார்த்தார். வேண்டாமென்று கூடத்தில் படுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாட்டுவண்டி. சிவந்த மண், நடுவில் திடீரென்று யாரோ கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைகள், ஏரிக்கரைப் பனைகள். பிரம்மதேசத்துப் பழைய கோயிலைப் பற்றி வண்டிக்காரர் பேசிக்கொண்டே வந்தார். சேரிக்குப் பிரிகிற பாதை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டார்.

"அப்பால நான் வர்றதில்லீங்க. இந்த வரப்பையே புடிச்சிக்கினு போனீங்கன்னா வந்துரும்."

உச்சிவேளை. ஏரிப் பாசனத்தில் போட்ட மல்லாட்டையைப் பிடுங்கி, வேர் மேலே தெரியும்படி வரிசையாகக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கொல்லையில் ஆளே இல்லை. என் நிழல் காலடிக்குள் சுருங்கிக் கிடந்தது. அப்போது பாட்டுக் கேட்டது.

'நீ வரும் வழியில் நிழலாய் நின்றேன்.'

ஒரு பெண் குரல். சுருதி சுத்தமாக இருந்தது. தாளத்தில் அரை இடம் தள்ளி எடுக்கும் என் எடுப்பு, 'வழியில்' என்ற இடத்தில் நான் போடுகிற வளைவு எல்லாம் என்னுடையவைதான். குரல் மட்டும் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. வெயிலே பாடுவது போல நாலாபுறமும் இருந்தது. திரும்பி ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

வரப்பு திரும்பிய இடத்தில், குவித்த செடிகளுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் பாட்டு நின்றது.

"யாருங்க? யாரு ஓணும்?"

"சவரி வீடு. நான் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறேன். என் பெயர் பசுபதி."

மடியிலிருந்த காயெல்லாம் சிதறியது. எழுந்து இரண்டடி பின்னால் போய் மார்பில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "சேசுவே," என்றாள். பிறகு என் கால்களைப் பார்த்தாள். கால் தரையில் படுகிறதா என்று பார்த்தாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவள் சவரியின் மனைவி ஆரோக்கியம். பத்தடி இடைவெளி விட்டு என்னை நடத்திக்கொண்டு போனாள். மண்சுவர்க் கோயில் ஒன்று, பக்கத்தில் கல்லறைத் தோட்டம். வேலிக்கு வெளியே, புது மண் மேட்டின் தலைமாட்டில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். தாரில் எழுதியிருந்தது: 'சங்கீதப் பேராசிரியர் பசுபதி.'

தன் பெயரைக் கல்லறையின் மேல் படித்தவன் என்ன நினைப்பான் என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். முதலில் எனக்கு வந்தது பயமில்லை, வெட்கம். பேராசிரியர் என்று போட்டிருந்தார்களே, நான் வெறும் விரிவுரையாளர்தானே என்று கூசினேன். அதன் பிறகுதான் பயம் வந்தது. அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

"அவுரு நம்ம வேதக்காரரு இல்ல, அதான் வேலிக்கு அந்தாண்ட," என்று மெதுவாகச் சொன்னாள் ஆரோக்கியம். "ஆனா சாமியாரு வந்து மந்திரிச்சிட்டுத்தான் போனாரு."

சவரி வீட்டிலிருந்து ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார். உயிருள்ள உடம்பு என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் இருவருக்கும் முகம் தெளிந்தது. கேப்பைக் கூழும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்து, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார்கள். நான் சாப்பிடுவேனா என்ற சந்தேகம் அவர்களுக்கு. எனக்கும் ஒரு கணம் கை தயங்கியது. அதை மறைக்கப் போவதில்லை. கோதண்டமும் இதே சட்டியில்தான் குடித்திருப்பான் என்ற நினைப்பு வந்தது. குடித்தேன். எங்கள் ஊர் அரிசிக் கஞ்சியைவிட வயிற்றில் திடமாக நின்றது.

குடிசைக்குள் சுவரில் ஒரு தம்பூரா சாய்ந்திருந்தது. "இது கோதண்டத்தின் தம்பூரா," என்று நான் சொன்னதும், தொடாமலே அது மெல்ல ரீங்கரித்தது. சுருதி சேர்த்த தந்திகள் பக்கத்தில் பேசுகிற குரலுக்கு அதிரும். அது வாத்தியத்தின் இயல்பு. எனக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டேன். அவன் தம்பூரா என் சுருதிக்குச் சேர்ந்திருந்தது.

"கோதண்டமா?" என்றார் சவரி. "எங்களாண்ட ஒரு தபா சொன்னாருங்க. எம் பேரு எனக்கு ஒத்துக்கல, வேற ஒருத்தரு பேரப் போட்டுக்கினு சுத்தறேன்னாரு. வெளையாட்டுக்குன்னு நெனச்சோம்."

"இங்கே எப்படி வந்தான்?"

ஆரோக்கியம் சொன்னாள். "எங்கியோ கச்சேரி முடிச்சிட்டு, வண்டி கெடைக்காம நடந்து வந்தாருங்க. மழ. எங்க கோயில்ல ஒதுங்கினாரு. நாங்க செபப் பாட்டுப் பாடிக்கினு இருந்தோம். சுதி சேரலியேன்னாரு. நாங்க இன்னா கண்டோம்? ஒக்கார வெச்சி சேத்து உட்டாரு. அன்னிக்கி நின்னவருதான், எட்டு மாசம். கச்சேரிக்குப் போவாரு, வந்துருவாரு. உச்சிக்குக் கூழு குடிக்கற நேரத்துல ஏழு பேருக்குப் பாடம். இங்க இருந்தா ஒரு நாளு தவறமாட்டாரு. பேதி வந்து நாக்கு உள்ள இழுக்கறப்பகூட, நாளைக்கி வகுப்பு இருக்கு, நாளைக்கி வகுப்பு இருக்குன்னே சொல்லிக்கினு இருந்தாரு."

பிறகு ஒரு மூட்டையைக் கொண்டுவந்து பிரித்தாள். என் கடிதங்கள் எல்லாம் தேதி வரிசையில் நூலால் கட்டியிருந்தன. என்னுடையதைப் போலவே கழுத்துப் பட்டி வைத்த சட்டை ஒன்று. ஒரு பொட்டலம் கிராம்பு. எல்லாவற்றுக்கும் அடியில், கோடு போட்ட ஹாஜர்ப் புத்தகம். எங்கள் பல்கலைக்கழகத்தில் வைத்திருப்பதைப் போலவே ஒரு பக்கம் ஏழு பெயர்கள், முதலில் ஆரோக்கியம். எதிரே நாள்வாரியாகக் கட்டங்கள். வந்தவர்களுக்கு ஒரு கோடு. வராதவர்களுக்குக் 'காய்ச்சல்', 'அறுப்பு வேலை', 'பிரசவம்' என்று காரணம். ஒவ்வொரு நாளின் அடியிலும் ஆசிரியர் கையெழுத்து.

கோதண்டம். கோதண்டம். கோதண்டம்.

எட்டு மாதமும் அவன் சொந்தப் பெயர்தான். அந்த வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அதனால் அவர்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

நான் அழுதேன். அழுதுகொண்டே, குழுவிலிருந்த பெரியவரிடம் நான் சொன்னதை அவர்கள் இருவரிடமும் சொன்னேன். என் மனைவிக்குக்கூட நான் அதுவரை சொல்லாத விஷயம் அது. சவரி தலையைக் குனிந்துகொண்டார். ஆரோக்கியம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்குப் பாடம் சொல்ல வராதுன்னா சொன்னீங்க?"

"ஆமாம்."

அவள் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் பார்த்தாள். பிறகு சவரியிடம் திரும்பி, "தாரு மிச்சம் இருக்குதில்ல? எடுத்துக்கினு வா. மொதல்ல பேர மாத்துங்க," என்றாள்.

பலகையை அரிவாளால் சுரண்டினோம். மரத்துக்குள் தார் இறங்கியிருந்ததால் என் பெயர் முழுக்கப் போகவில்லை. உற்றுப் பார்த்தால் தெரியும். அதன் மேலேயே 'சங்கீத ஆசிரியர் கோதண்டம்' என்று எழுதினேன்.

திரும்பி வந்ததும் ஆரோக்கியம் தம்பூராவை எடுத்து மடியில் சாய்த்துக்கொண்டு, "ஒக்காருங்க, அந்தப் பாட்டப் பாடுங்க," என்றாள். நான் அமைத்த பல்லவியை நானே பாடினேன். 'நிழலாய்' என்ற இடத்துக்கு வந்ததும் அவள் மீட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்டி இல்லீங்க. அங்க ஜல்தியா எறங்கக்கூடாது. நெஞ்சில நிறுத்தி, மூச்ச வெச்சிக்கினு, அப்பால எறங்கணும். மொதல்ல இது சரியில்லாமத்தான் எழுதி வந்துச்சாம். அவருதான் சீராக்கினாரு."

பாடிக் காட்டினாள். அவள் பாடியதுதான் சரி. எத்தனையோ தடவை வகுப்பில் பாடியும் அந்த இடம் எனக்கு ஏன் உறுத்திக்கொண்டே இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. மறுபடி பாடினேன். "இல்லீங்க," என்றாள். இன்னொரு தடவை. "இப்பத் தேவலாம்." ஏழெட்டுத் தடவை பாடிய பிறகுதான் தம்பூராவைச் சுவரில் சாய்த்தாள்.

வண்டிக்காரர் தூரத்திலிருந்து கூப்பிடுவது கேட்டது. எழுந்தேன். ஆரோக்கியம் ஹாஜர்ப் புத்தகத்தையும் ஒரு பென்சிலையும் என்னிடம் நீட்டினாள்.

"பாடம் நடந்துச்சில்ல, போட்டுட்டுப் போங்க. எம் பேருக்கு நேரா கோடு. கீழ வாத்தியாரு கையெழுத்து."

ஏழாவது பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அதில் 'பசுபதி' என்று எழுதி, அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். ஆசிரியர் கையெழுத்துக்கான இடத்தில் அவளைப் பெருவிரல் வைக்கச் சொன்னேன்.